கிராப்பு வைக்கத் தடை, கயிறு கட்ட உரிமை: பள்ளிக்கூடத் தோற்ற விதிகளின் வரலாறு

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதி திராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அவற்றைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அந்தப் பட்டியல் இதுதான்.

தங்க நகை, வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது.

எட்டில் ஏழு தடைகள் உடம்பில் எதை அணியலாம், எதைத் தாங்கலாம் என்பதைப் பற்றியவை. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியம் அழிக்கப்பட்டது. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

அதோடு நிற்கவில்லை. 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்ற தடை அதிலும் இருந்தது. நகைத் தடையும் இருந்தது. அவற்றுடன் புதிதாகச் சேர்ந்தவற்றில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பது ஒன்று. அந்தப் பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது மற்றொன்று.

துணிக்கான தடையும் பள்ளிக்கூடத்துக்கான தடையும் ஒரே தாளில் எழுதப்பட்டவை என்பதை மாணவத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரை உள்ள பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் இன்று இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். “முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வா என்று சொல்ல பள்ளிக்கு உரிமை உண்டா?” என்பது ஒரு கேள்வி. “கையில் கயிறு கட்டுவது என் உரிமை இல்லையா?” என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பையனே கேட்பதும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்வி. வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்க் கேள்விகள். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மறைத்துக்கொள், ஆனால் அவர்களைப் போல வேண்டாம்

தோற்றத்தின் மீதான அதிகாரம் ஆதிக்கச் சாதியின் கையில் மட்டும் இருந்ததில்லை. அரசும் அதைக் கையில் எடுத்திருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டம் நமக்குத் தெரியும். மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு போராடினார்கள். சந்தையில், தெருவில் அவர்களது மேல்துணி கிழிக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன.

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தது: உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியக்கூடாது.

இந்த நிபந்தனைதான் விஷயத்தின் முடிச்சு. மானத்தை மறைப்பதில் அரசுக்கு ஆட்சேபணை இல்லை. பார்த்தவுடன் யார் எந்தச் சாதி என்று தெரியாமல் போய்விடுமே என்பதுதான் அதன் கவலை. சாதி கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். யாருக்கு வழிவிட வேண்டும், யாரை ‘டேய்’ என்று கூப்பிடலாம், யாரை எங்கே உட்கார வைக்கலாம் என்பதெல்லாம் பார்த்த கணத்தில் தெரிந்தால்தான் சாதி ஓடும்.

அண்ணல் அம்பேத்கர் இதைத் துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தார். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் அவர் உடையைப் பற்றியே தனியாகப் பேசினார். தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டுவதை விடுங்கள், கைகளிலும் கழுத்திலும் சுமக்கும் கனத்த அடையாள நகைகளைக் கழற்றுங்கள், உங்கள் உடையைத் தேர்வு செய்ய உங்களைத் தடுக்க யாராலும் முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். பெண்கள் அங்கேயே சேலைக்கட்டை மாற்றிக்கொண்டார்கள். சதாரா பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியில் தனியாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளைதான் பிற்காலத்தில் கோட்டும் டையும் அணிந்து நின்றது. ஊர் எல்லையில் நிற்கும் அம்பேத்கர் சிலைக்குக் கோட்டும் கையில் புத்தகமும் ஏன் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு 1930, 1931 பட்டியல்களைக் காட்டுங்கள். அந்தப் பட்டியல்கள் மறுத்தவை அந்த இரண்டும்தான்.

சட்டம் எழுதிய பதில்

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை நடைமுறைப்படுத்த 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. இன்று அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன் 4ஆம் பிரிவில் கடை, கிணறு, பாதை, சுடுகாடு என்று தடுக்கக்கூடாதவை வரிசையாக வரும். அந்த வரிசையில் நகையும் அலங்காரமும் அணிவது என்ற ஒன்றும் இருக்கிறது. நகை அணிவதைத் தடுத்தால் குற்றம் என்று ஒரு நாடு சட்டப் புத்தகத்தில் எழுத வேண்டியிருந்தது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1)(e) பிரிவு, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் உடையை வலுக்கட்டாயமாகக் களைவது, தலையை மழிப்பது, மீசையை எடுப்பது, முகத்திலோ உடம்பிலோ சாயம் பூசுவது, இவை போன்ற மாண்பைக் குலைக்கும் செயல்களைச் செய்வது ஆகியவற்றை வன்கொடுமை என்கிறது. பொது இடத்தில் செருப்பு அணிவதையும், புதுத்துணி உடுத்துவதையும், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2017இல் குஜராத்தில் காந்திநகருக்கு அருகே லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காக தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். நாடு முழுக்க நம் பிள்ளைகள் மீசையை முறுக்கிப் படம் எடுத்துப் போட்டதும் அப்போதுதான்.

ஆக, முடி, மீசை, துணி, செருப்பு எல்லாம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்ன விஷயமாக இருந்திருந்தால் அதற்காகக் குடிசை எரிந்திருக்காது. அதற்காகச் சட்டமும் வந்திருக்காது.

சீருடை வந்த வழி

இந்தப் பின்னணியில்தான் சீருடையைப் பார்க்க வேண்டும். காமராசர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்களிடமிருந்து திரட்டிய பொருளில் கட்டடம், பலகை, மதிய உணவுப் பாத்திரம் என்று சேர்ந்த வரிசையில் ஏழைப் பிள்ளைகளுக்கான சீருடையும் இருந்தது. 1985 முதல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை கொடுக்கத் தொடங்கியது. இன்று எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை கிடைக்கிறது.

‘யார் வீட்டுப் பிள்ளை என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியக்கூடாது’ என்பதுதான் சீருடையின் நியாயம். 1859 அறிவிப்புக்கு நேர் எதிரான நியாயம் இது. சட்டை போடாதே என்று சொன்ன நாட்டில், ‘இந்தா சட்டை, எல்லாருக்கும் ஒரே சட்டை’ என்று அரசு சொன்னது சிறிய மாற்றமல்ல.

நம் பகுதிக்கு இதில் தனி வரலாறு உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியும் ஸ்ரீபெரும்புதூரும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்டத்தின் பொறுப்பு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. நிலமும் வீட்டுமனையும் கடனும் பள்ளிக்கூடமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அந்த அறிக்கை காட்டியது. அடுத்தவன் மனையில் குடியிருப்பவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தால், மனைக்குச் சொந்தக்காரன் கண்ணசைவைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சீருடையோடு பள்ளிப் பேருந்துக்கும் அரசுப் பேருந்துக்கும் நிற்கிறார்கள்.

ஆனால் சீருடை என்றாலே சமத்துவம் என்று நினைத்துவிடக்கூடாது. பள்ளிக்கூட வாசலில் இருந்து ஆலை வாசலுக்குப் போனால் இது புரியும். நம் பகுதியில் பல ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிறச் சட்டை, பயிற்சியாளருக்கு இன்னொரு நிறம். அதுவும் சீருடைதான். அங்கே துணி வேற்றுமையை மறைக்கவில்லை, பார்த்தவுடன் தெரியும்படி செய்கிறது. எனவே சீருடை உண்டா இல்லையா என்பதோடு கேள்வி முடியாது. அது எதை மறைக்கிறது, எதைக் காட்டுகிறது என்றும் கேட்க வேண்டும்.

கயிறு

எல்லாருக்கும் ஒரே சட்டை வந்தபின் சாதி எங்கே போய் ஒட்டிக்கொண்டது? மணிக்கட்டில்.

தமிழ்நாட்டின் சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள் என்பதை 2018ஆம் ஆண்டு இ.ஆ.ப. பயிற்சி அதிகாரிகள் அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறங்கள். விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதும், இடைவேளையில் சேர்ந்து உட்காருவதும் அந்த நிறத்தைப் பார்த்தே நடக்கின்றன என்பது புகார். 2019 ஜூலை 31 அன்று பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார்.

அடுத்து நடந்ததை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இது இந்து மதத்துக்கு எதிரானது என்று பா.ஜ.க.வின் எச்.ராஜா எதிர்ப்புக் கிளப்பினார். கல்வி அமைச்சராக இருந்த செங்கோட்டையன், சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமல் வெளியானது, பழைய நிலையே தொடரும் என்று சொல்லிவிட்டார். ஒரு சாதி அடையாளத்தைத் தடுக்கப் போனால் அது சில நாட்களில் மத உரிமையாக வேடம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. அரசு பின்வாங்கியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் அவனுடைய பள்ளியில் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களே அரிவாளோடு புகுந்தார்கள். தங்களது சாதிவெறித் தொல்லையைப் பள்ளியில் சொல்லிவிட்டான் என்பதுதான் அவன் செய்த குற்றம். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். 1931இல் பெரியவர்கள் குடிசையைக் கொளுத்தினார்கள். 2023இல் சீருடை அணியும் பிள்ளைகள் அரிவாளை எடுத்தார்கள். நாங்குநேரிக்குக் கயிறுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ‘நாம்’, ‘அவர்கள்’ என்று வகுப்பறைக்குள் படை பிரிக்கும் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது, அதன் அடையாள அட்டைகளில் ஒன்று கயிறு என்கிறேன்.

அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. நிறக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்றவற்றைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும், சைக்கிளில் சாதி நிறம் பூசுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை நீக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, ஆசிரியர் சாதியைச் சொல்லி மாணவரைக் கூப்பிடக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. பள்ளி தொடங்கிக் கல்லூரி வரை சாதிப் பாகுபாட்டை ஒழிக்க ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்றும் சொன்னது.

சுற்றறிக்கை சட்டமாகாது

சட்டம் ஏன் வேண்டும்? சுற்றறிக்கை போதாதா? இதற்கு விடை 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பில் இருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றார்கள். 1985 ஜூலையில் பள்ளி அவர்களை வெளியேற்றியது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் இதில் 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கச் சொன்னது.

அதில் நமக்கு வேண்டிய இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, 19(1)(a) பிரிவின் கருத்துரிமையும் 25ஆம் பிரிவின் மனச்சாட்சி உரிமையும் பள்ளி மாணவருக்கும் உண்டு. வயது குறைவு என்பதால் அவை வாசலுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. இரண்டு, அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் சட்டத்தின் பலம் வேண்டும். கல்வித்துறையின் வெறும் சுற்றறிக்கைக்கு அந்தப் பலம் இல்லை.

இந்த இரண்டாவது பாடம் நமக்கு இரு பக்கமும் கூரான கத்தி. தலைமையாசிரியர் மனம்போல் போடும் விதியை எதிர்க்க அது நமக்குத் துணை. அதேநேரம், சாதிக் கயிற்றைத் தடுக்கும் சுற்றறிக்கையும் அதே காரணத்தால் பலவீனமானது. அமைச்சரின் ஒரு பேட்டியில் 2019 சுற்றறிக்கை செல்லாக்காசாகிப் போனதைப் பார்த்தோம். சந்துரு குழு கேட்ட சட்டத்தை நாம் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

மூக்குத்தியும் முக்காடும்

இங்கே ஒரு கேள்வி வரும். கயிற்றைத் தடுப்பது சரி என்றால் ஹிஜாபைத் தடுப்பதும் சரிதானே? ஆதிக்கவாதிகள் விரும்பிக் கேட்கும் கேள்வி இது. நம் தோழர்களில் சிலரும் இதில் தடுமாறுகிறார்கள்.

முதலில் தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். டர்பனில் ஒரு பெண்கள் பள்ளி. தென்னிந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு மாணவி 2004இல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். தோடும் கைக்கடிகாரமும் தவிர வேறு அணிகலன் கூடாது என்பது பள்ளி விதி. வீட்டு வழக்கம் என்று தாய் விளக்கியும் பள்ளி ஏற்கவில்லை. பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்த இந்த வழக்கு நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு. மதம் கட்டாயப்படுத்தாத, ஒருவர் விரும்பி ஏற்ற பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். ஒரு மூக்குத்தியால் பள்ளி ஒழுங்குக்கு என்ன கேடு வந்தது என்று காட்டப் பள்ளியால் முடியவில்லை. நியாயமான விலக்குகளுக்கு இடம் தரும்படி விதியைத் திருத்த உத்தரவு வந்தது.

கருநாடகத்தில் நடந்தது வேறு. 2022 பிப்ரவரி 5 அரசாணை, அதன்பின் மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு. ஹிஜாப் இசுலாத்தின் இன்றியமையாத வழக்கம் அல்ல, சீருடை விதி செல்லும் என்றது நீதிமன்றம். அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா ஏற்கவில்லை. எது இன்றியமையாத வழக்கம் என்ற ஆராய்ச்சியே தேவையில்லை, அந்தப் பெண் பள்ளிக்கு வருவதுதான் முக்கியம், அவள் வாழ்க்கையை நாம் இன்னும் கடினமாக்குகிறோமா என்பதே அவரது கேள்வி.

இப்போது ஒப்பிடுங்கள். மூக்குத்தியும் ஹிஜாபும் பக்கத்து இருக்கைப் பிள்ளையை எதுவும் செய்வதில்லை. ‘நீ எனக்குக் கீழே’ என்று அவை யாரிடமும் சொல்வதில்லை. சாதிக் கயிறு அப்படியல்ல. அதன் முழு அர்த்தமும் பக்கத்து இருக்கைப் பிள்ளையைப் பற்றியது. யார் மேலே, யார் கீழே, யார் நம் ஆள் என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. 25ஆம் பிரிவு தரும் மத உரிமை பொது ஒழுங்குக்கும் அரசமைப்பின் மூன்றாம் பகுதியில் உள்ள மற்ற உரிமைகளுக்கும் உட்பட்டது. அந்த மற்ற உரிமைகளில் 17ஆம் பிரிவும் ஒன்று.

நெற்றிக் குறி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாட்டி வைத்துவிட்ட திருநீறும் உண்டு, சாதிப் படைக்கு அடையாளமாக வைக்கும் குறியும் உண்டு. வெறும் நெற்றியைப் பார்த்து ஆசிரியர் அழிக்கத் தொடங்கினால், நாளை அதே கை இசுலாமியப் பிள்ளையின் முக்காட்டுக்கும் நீளும். எனவே சட்டம் எழுதும்போது, சாதியைக் காட்டவோ சாதி வழியில் அணி சேர்க்கவோ பயன்படும் குறி என்று தெளிவாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளில் சிலரும் நீலக் கயிறு கட்டுகிறார்கள். ‘அவன் கட்டுகிறான், நான் கட்டக்கூடாதா?’ என்ற கேள்வியில் இருக்கும் தன்மானம் எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளிக்குள் கயிறு கூடாது என்றால் எல்லாக் கயிறும் கூடாது. அண்ணல் எந்தச் சாதியின் நிறமும் அல்ல. அவரைக் கையில் கட்டுவதைவிடப் படிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. மகாத்தில் அவர் கழற்றச் சொன்னதும் அடையாளத்தைத்தான்.

முடி

கடைசியாக, முதல் கேள்வி. 1930இல் கிராப்பு வெட்டாதே என்றார்கள். குடுமியும் கட்டுமுடியும் பழைய உலகம், கிராப்பு புதிய உலகம். சேரிக்காரன் புதிய உலகத்துக்குள் வந்துவிடக்கூடாது என்பது அன்றைய பயம். இன்று பாக்ஸ் கட்டிங், ஸ்பைக், ஒன்சைட் என்று வெட்டிக்கொண்டு வந்தால் ‘புள்ளிங்கோ கட்டிங்’ என்கிறார்கள். அந்தச் சொல் யாரைக் குறிக்க வந்தது என்று யோசியுங்கள். வடசென்னையின், குடிசைப் பகுதிகளின் பையன்களைக் கேலி செய்யப் பரவிய சொல் அது. அதே வெட்டு சினிமாவில் வந்தால் ஸ்டைல், வசதியான வீட்டுப் பிள்ளை வைத்தால் ஃபேஷன், நம் பையன் வைத்தால் ரவுடித்தனம்.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களின் இயல்பான சுருள்முடிக்கும் பின்னலுக்கும் இதே கதிதான். அதனால்தான் 2019இல் கலிபோர்னியா மாநிலம் முடியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2016இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் கறுப்பின மாணவிகள் பள்ளி முடி விதிக்கு எதிராகப் போராடினார்கள். ஒழுங்கு என்ற சொல்லுக்குள் யாருடைய தலை அளவுகோலாக இருக்கிறது என்பதே அவர்களும் கேட்ட கேள்வி.

முடியைச் சீராக வைத்துக்கொள் என்று பள்ளி சொல்லலாம். விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் முடிக்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், வீட்டுக்கு அனுப்பினால், அது 21A பிரிவு தரும் கல்வி உரிமையில் கை வைப்பது. எல்லார் முன்னிலையிலும் ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்தால் அது ஒழுங்கு நடவடிக்கை அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பட்டியல் சாதி அல்லாத ஒருவர் பட்டியல் சாதிப் பிள்ளையின் தலையை வலுக்கட்டாயமாக மழித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(e) பிரிவையும் எடுத்துப் பாருங்கள்.

எந்த விதியையும் அளக்க

உங்கள் பள்ளியில், கல்லூரியில் தோற்றம் பற்றி எந்த விதி வந்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

இந்த விதி சாதியைக் கண்ணிலிருந்து மறைக்கிறதா, கண்ணுக்குக் காட்டுகிறதா? மறைத்தால் அது 1955இன் வழி, காட்டினால் 1930இன் வழி.

இது எழுத்தில் இருக்கிறதா, எல்லாருக்கும் ஒன்றுபோல் நடக்கிறதா? எழுத்தில் கேளுங்கள். வாய்வழி விதிகள் பெரும்பாலும் நம் பிள்ளைகளுக்கென்றே வைத்திருப்பவை.

மீறினால் என்ன தண்டனை? பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதா, வகுப்பைப் பறிப்பதா? பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே தள்ளும் எந்தத் தோற்ற விதியும், அதன் நோக்கம் எதுவானாலும், மாடு மேய்க்கப் போ என்ற பழைய வரியின் பக்கம்தான் சாய்கிறது.

யார் கை பிள்ளையின் உடம்பில் படுகிறது? கயிற்றைக் கழற்றச் சொல்லலாம். பிடித்து இழுத்து அறுக்கக்கூடாது. அது ஆதிக்கச் சாதிப் பிள்ளைக்கும் பொருந்தும்.

சாதி நம் முன்னோரின் துணியையும் முடியையும் செருப்பையும் கணக்கெடுத்து வைத்திருந்தது. அந்தக் கணக்கை முடிக்கத்தான் அரசமைப்புச் சட்டம் வந்தது. சந்துரு குழு அறிக்கை 2024 ஜூன் மாதமே அரசின் கைக்கு வந்துவிட்டது. அந்த அறிக்கை கேட்ட சட்டத்தை ஒவ்வொரு மாணவர் கூட்டத்திலும், ஒவ்வொரு கிராமசபையிலும், ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் கேட்போம். கயிறு அறுந்த கையோடு, முடிக்காக யாரும் தலைகுனியாமல், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காரட்டும்.

ஜெய் பீம்.